மஞ்சள் இல்லாத சிட்டை

சிவகாசிக் கடைத்தெருவில் அந்தப் பலசரக்குக் கடை முன்னால் எனக்கு முந்தி வந்தவர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்த நேரம். கடைக்கார அண்ணாச்சி என் கையிலிருந்த சாமான் சிட்டையை வாங்கினார். நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கிப் படித்தார். பிறகு ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார்.

எடை போட்டுக்கொண்டிருந்த ஆளிடம், "கையில இருக்கத அங்கன வையி. மொதல்ல இதப் போடு" என்றார்.

எனக்கு முன்னால் நின்ற ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. ஓரமாக ஒதுங்கி வழி விட்டார்கள். ஒரு பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

தாயில்பட்டியில் என் மனைவி தனம் பிரசவ வலியில் கிடந்தாள். அவளுக்காகத்தான் சாமான் வாங்க வந்திருந்தேன். அந்தக் கடையில் ஒரு சிட்டை மற்றவர்களைத் தாண்டி முன்னால் போகிறது என்றால், அது சாவு விழுந்த வீட்டுச் சிட்டை என்று அர்த்தம்.

முதல் வரி

இந்த இடத்தில் கதையை நிறுத்துகிறேன் என்று என்னைத் திட்டாதீர்கள். எங்கள் பக்கத்தில் சிட்டை எழுதுகிற முறையைச் சொல்லாவிட்டால் அன்று நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியாது.

இப்போது பிள்ளைகள் சாமான் லிஸ்ட் எழுதுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். சோப்பில் ஆரம்பித்து பிஸ்கட்டில் முடித்துவிடுகிறார்கள். நாங்கள் அப்படி எழுதினால் வீட்டில் அடி விழும். தலையில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே முதல் வரி மஞ்சள். வீட்டில் மஞ்சள் பானை நிறையக் கிடந்தாலும் மஞ்சள்தான். அளவு எழுதாமல் வெறுமே ‘மஞ்சள்’ என்று மட்டும் இருந்தால் அண்ணாச்சி புரிந்துகொள்வார். ஒரு துண்டு விரலி மஞ்சளைப் பொட்டலங்களின் மேல் வைத்து அனுப்பிவிடுவார். அதற்கு எடையும் கிடையாது, விலையும் கிடையாது.

எங்கள் ஊர்களில் வாத்தியார் வேலையிலும் நர்ஸ் வேலையிலும் இருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் பல. அவர்கள் சுழிக்குப் பதிலாகச் சின்னதாக ஒரு சிலுவை போடுவார்கள். ஆனால் அதற்கு அடுத்த வரி அவர்களுக்கும் மஞ்சள்தான். கடையில் நின்று பார்த்துப் பழகிக்கொண்டார்கள்.

தலையில் என்ன போட்டிருந்தாலும், மஞ்சள் இல்லாமல் ஒரு சிட்டை வந்தால் அது துட்டி வீட்டுச் சிட்டை. துட்டி என்றால் எங்கள் பக்கத்தில் சாவு. கடையில் யாரும் ‘யார், எப்போது’ என்று கேட்கமாட்டார்கள். முதலில் அதைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை. வெடிக் கம்பெனிகள் பெருகப் பெருக இந்தப் பழக்கம் இன்னும் கெட்டியாகிவிட்டது. மேற்கே எங்கோ ஒரு சத்தம் கேட்டால் கடைத்தெருவே கொஞ்ச நேரம் வாயடைத்து நிற்கும். பொழுது சாய்வதற்குள் மஞ்சள் இல்லாத சிட்டை ஒன்று வந்து சேரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

எந்த உப்பு?

நான் தாயில்பட்டியில் ஒரு வெடிக் கம்பெனியில் ஸ்டோர் பார்த்தவன். சரக்கு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கவனிக்கிற வேலை. இப்போது ஆட்களை ஏற்றிப் போக வாசலுக்கே வேன் வருகிறது. அப்போது கரிசல் காட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்தே போவோம்.

கம்பெனியில் உப்பு என்றால் வெடியுப்பு. மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற மருந்து. பகலெல்லாம் இந்தச் சொற்களோடு புழங்கிவிட்டு வீட்டுக்கு வந்து சிட்டை எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடாது. ‘உப்பு’ என்று எழுதப் பயந்து ‘சோத்து உப்பு’ என்று எழுதுவேன். தனம் எட்டிப் பார்த்துச் சிரிப்பாள்.

"ஏங்க, அண்ணாச்சி வெடியுப்பையா கட்டிக் குடுத்துருவாரு? அப்படியே குடுத்தாலும் நான் ரசத்துல போட்டுருவனா?"

நான் பயந்த சுபாவம். அதைச் சொல்ல வெட்கப்பட்டதில்லை. வெடிக் கம்பெனியில் வேலை பார்த்தவன் பயந்தாங்கொள்ளி என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பயம் விட்டுப்போனவர்கள் அங்கே என்ன ஆனார்கள் என்று பார்த்தவன் நான்.

எழுத்துத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். எங்கள் கம்பெனியில் திரி வெட்டுகிற ஒரு அம்மாள் முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு போவாள். பெரிய முடிச்சு அரிசி, சின்னது பருப்பு, இரட்டை முடிச்சு எண்ணெய். கடையில் ஒவ்வொன்றாக அவிழ்ப்பாள். அவளும் முதல் முடிச்சை மஞ்சளுக்கென்றுதான் போடுவாள். ஒருநாள் அவள் பேத்தி விளையாட்டாக எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிட்டது. அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் கஞ்சிதான்.

தாளுக்குப் பஞ்சமில்லை. அச்சாபீஸ்களில் வண்ணம் பிசகிப்போன தீப்பெட்டி லேபிள் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். ஒரு பக்கம் வழுவழுப்பாகக் கிளியோ மயிலோ இருக்கும், மறுபக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில்தான் ஊரே சிட்டை எழுதியது.

நர்சம்மா கொடுத்த தாள்

அன்று என் கையில் இருந்ததும் அப்படி ஒரு தாள்தான். எழுதியவர் எஸ்தர் நர்சம்மா. தெற்கே பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அடுத்த ஊரில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு அப்படியே வந்திருந்தார். பையில் கொண்டுவந்த பஞ்சும் துணியும் அங்கேயே தீர்ந்துபோயிருந்தன.

தனத்துக்கு இது இரண்டாவது. முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. தனத்தையும் பிழைக்க வைத்தது பெரும்பாடு. அவளுக்குத் தாயார் இல்லை. பிறந்த ஊரான ஆமத்தூரில் நிலம் இருந்தது, அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சிவகாசியில் வாக்கப்பட்டிருந்த அவளுடைய அக்கா ராமுத்தாய்தான் தாய்க்குத் தாய். அண்ணாச்சி கடையில்தான் அவளும் சாமான் வாங்குவாள், தங்கச்சி நிறைமாசம் என்று அவரிடம் சொல்லியும் இருந்தாள். மதினிக்குச் சொல்லி அனுப்புவதற்குள் வலி முந்திக்கொண்டது.

நர்சம்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். முகத்தில் வியர்வை. ஒரு தாள் கேட்டார். சுவரில் வைத்தே விறுவிறு என்று பென்சிலால் எழுதினார்.

"தம்பி, இதெல்லாம் இப்பவே வேணும். சைக்கிள்ல போயிட்டு சட்டுனு வந்துருங்க."

"அவளுக்கு எப்படி இருக்கும்மா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க போயிட்டு வாங்க. பேசிக்கிட்டு நிக்க நேரமில்ல" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

பாதி வழியில்தான் அந்தத் தாளைப் பிரித்துப் பார்த்தேன். தலையில் ஒரு சிலுவை. அடுத்து வெள்ளைத் துணி. அதற்கடுத்து பஞ்சு, நூல்கண்டு, நல்லெண்ணெய், சீயக்காய், பச்சரிசி, சாம்பிராணி. மஞ்சள் எங்கேயும் இல்லை.

பிரசவத்துக்கு வேண்டியவைதான் அத்தனையும். தொப்புள்கொடி கட்ட நூல், பிள்ளையைத் துடைக்கப் பஞ்சு, சுற்றத் துணி, தாய்க்குக் கஞ்சி வைக்கப் பச்சரிசி. இன்று உட்கார்ந்து யோசித்தால் தெரிகிறது. அன்று எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. மூக்கில் வைக்கிற பஞ்சு, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுகிற நூல், குளிப்பாட்டுகிற எண்ணெயும் சீயக்காயும், வாய்க்கரிசி. அப்பா செத்தபோது நானே போய் வாங்கிய சாமான்கள். இரண்டு காரியத்துக்கும் அதே பொருள்கள்தான் வேண்டும் என்பது அந்த வெயிலில் நிற்கிறபோதுதான் எனக்கு உறைத்தது.

நர்சம்மா ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை? ஏன் கதவைத் தாழிட்டார்? அவள் பிழைக்கமாட்டாள் என்று தெரிந்துதான் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

சட்டைப் பையில் என் பென்சில் இருந்தது. தலையில் ஒரு வரி ‘மஞ்சள்’ என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. தொட்டால் பலித்துவிடும் என்று பயம். திரும்பிப் போய்க் கேட்கவும் அதே பயம்தான். அண்ணாச்சியாவது இதைச் சாதாரணச் சிட்டையாக வாங்கி வரிசையில் வைத்துவிட்டால், நான் நினைத்தது தப்பு என்று ஆகிவிடும் என்று நப்பாசையோடு மிதித்தேன்.

அண்ணாச்சியின் கை

அவர் வரிசையில் வைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சாமான் கட்டுகிற வரை என்னை உள்ளே கூப்பிட்டு முக்காலியில் உட்கார வைத்தார். பக்கத்து ஜவுளிக்கடைக்கு ஆளனுப்பித் துணியை வாங்கிவரச் சொன்னார். துணி வந்தது. மடிப்புக் கலையாத கோடித் துணி. மஞ்சள் துண்டு எதுவும் பொட்டலத்தின் மேல் வரவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி" என்று ஆரம்பித்தேன்.

"ஒண்ணும் பேசாதீக தம்பி. துட்டு கிட்டு அப்பறம் பாத்துக்கிருவோம்" என்று என் தோளில் கை வைத்தார். "ராமுத்தாய்க்கு நான் சொல்லிவிடுறேன். நீங்க அங்கன போய் அலைய வேணாம். நேரா வீட்டுக்குப் போங்க."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இன்னும் ஒன்றும் ஆகவில்லை, என் பெண்டாட்டி வலியில் கிடக்கிறாள் என்று கத்தியிருக்க வேண்டும். எனக்கே அது நிச்சயமில்லை. நான் கிளம்பி வந்த பிறகு அங்கே என்ன நடந்ததோ யார் கண்டது? தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

உடைமர நிழல்

திரும்பும்போது காற்று எதிரே அடித்தது. ஹாண்டிலில் தொங்கிய பை ஒவ்வொரு மிதிக்கும் என் முழங்காலில் இடித்தது. வழியில் ஒரு கம்பெனி வேலியைத் தாண்டினால் ஒற்றை உடைமரம் நிற்கும். அங்கே வந்ததும் கால் மிதிக்க மறுத்துவிட்டது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

சீக்கிரம் வரச் சொல்லி அனுப்பினார்களே என்று இப்போது கேட்பீர்கள். என் மகளும் கேட்டாள். நான் போய்ச் சேருகிற வரைக்கும் தனம் உயிரோடு இருக்கிறாள். போய்ப் பார்த்தால்தானே இல்லை என்று ஆகும்? அந்த நேரத்துப் புத்தி அப்படித்தான் ஓடியது. பயம் மனிதனை முட்டாளாக்கும் என்பார்கள். என்னை அது கல்லாகவே ஆக்கியது.

தாயில்பட்டிக்கு லோடு ஏற்றப் போகிற லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு என்னைக் கடந்து போனது. முன்சீட்டில் ஒரு பெண் முகத்தைச் சேலையால் மூடியிருந்தாள். யாரென்று நான் கவனிக்கவில்லை. லாரி போன பிறகு அந்தப் புழுதி அடங்குகிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தேன்.

ஊருக்குள் நுழைந்ததும் அழுகைச் சத்தம் கேட்டது. எங்கள் தெரு. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் தலைவிரி கோலமாக என் மதினி ராமுத்தாய்.

"கூடப் பெறந்தவளே, எனக்கு முன்னாடி போயிட்டியே. கண்ண மூடுறப்ப என் முகத்தப் பாக்கலயே" என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

சைக்கிள் என் கையை விட்டுச் சரிந்தது. பச்சரிசிப் பொட்டலம் உடைந்து தரையில் சிந்தியது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் அந்த அரிசியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை.

கதவு திறந்தபோது

எங்கள் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. எஸ்தர் நர்சம்மா நின்றார். முழங்கை வரை ஈரம்.

"யாரும்மா செத்தது? எத்தனை தடவை உள்ளேருந்து கத்துறேன், ஒருத்தருக்கும் காது கேக்கலயா?"

ஒப்பாரி அப்படியே நின்றது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மதினி அழுதுகொண்டே லாரியிலிருந்து இறங்கி வந்திருக்கிறாள். அதைப் பார்த்துத் தெருவும் அழுதிருக்கிறது. கதவைத் தட்டிக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. துட்டி வீட்டில்தான் யாரும் கேள்வி கேட்பதில்லையே.

நர்சம்மா கீழே கிடந்த பையிலிருந்து பஞ்சையும் துணியையும் பிடுங்கி எடுத்தார். மறு கையால் என் சட்டையைப் பிடித்தார். "நீங்க உள்ள வாங்க."

"ஆம்பளை எப்படிம்மா..."

"வாங்கன்னா வாங்க. வெளிய அழுகச் சத்தம் கேட்டதுல இருந்து அவ முக்குறத நிறுத்திட்டா. பிள்ளை பாதி வழியில நிக்கி. நான் சொன்னா நம்ப மாட்டேங்கா. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே கெடந்தா ரெண்டு பேரும் தங்க மாட்டாங்க."

உள்ளே இருட்டாக இருந்தது. தனம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டு மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"வந்துட்டீகளா?" என்றாள். "எங்கிட்ட மறைக்காதீக. நெசத்தச் சொல்லுங்க. நான் செத்துட்டனா?"

இல்லை என்ற ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் போய்விட்டால் என்ன செய்வது என்று அதற்கும் பயந்தேன். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

நான் பேசாமல் நிற்பதைப் பார்த்தாள். அவள் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. "அக்கா அழுகுறப்பவே நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாயத் தொறந்து சொல்லுங்க" என்று நர்சம்மா என் முதுகில் ஓர் அறை விட்டார்.

"இருக்க தனம். நீ இருக்க" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

அப்போது வாசற்படியில் நிழல் விழுந்தது. மதினி நின்றாள். தங்கச்சி விம்முவதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"ஏட்டி, மூதேவி. உசுர வச்சுக்கிட்டா அங்கன என்னை நடுத்தெருவுல மாரடிக்க விட்ட? எந்திரி. இந்தா என் கையப் பிடி. கல்லு மாதிரி கெடந்துக்கிட்டு பேச்சு வேறயா? முக்குடி."

தனம் கண்ணைத் திறந்தாள். செத்தவளை எந்த ஊரிலும் யாரும் வைய மாட்டார்கள். போனவர்களைப் பற்றி நல்லது மட்டும்தானே பேசுவார்கள். மதினி வைத வசவு ஒவ்வொன்றும் அவளுக்குள் இறங்குவதை நான் பார்த்தேன். அக்காவின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். பிடித்த பிடியில் மதினியின் கண்ணாடி வளையல் உடைந்தது.

"வெளிய போங்க நீங்க" என்று நர்சம்மா என்னைத் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

வெளியே பெண்கள் சிந்திய பச்சரிசியை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. உள்ளே மதினியின் வசவு கேட்டுக்கொண்டே இருந்தது. அது ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணத்தில் நான் பட்டதை இத்தனை வருடம் கழித்தும் என் உடம்பு மறக்கவில்லை. அப்புறம் ஒரு பிள்ளை அழுதது. அதற்கப்புறமும் மதினி வைதுகொண்டேதான் இருந்தாள். அதனால் தனமும் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

பெண் பிள்ளை. நர்சம்மா எல்லாம் முடித்துவிட்டுக் கை கழுவும்போதுதான் மதினி அவரிடம் சிட்டையைப் பற்றிச் சொன்னாள். அவர் ஊர்ப்பக்கம் அப்படி ஒரு வழக்கம் இல்லாததால் அவருக்கு விளங்க வெகுநேரம் ஆனது. விளங்கியதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பொழுது இறங்குகிற நேரத்தில் என்னை உள்ளே விட்டார்கள். பிள்ளை துணிச் சுருளுக்குள் தூங்கியது. தனமும் தூங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மார்பு ஏறி இறங்குவது எனக்குச் சரியாகத் தெரியவில்லை. விரலை அவள் மூக்குக்கு அருகே கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். மூச்சு சுட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வைத்துப் பார்த்தேன். கந்தக வாடை போகாத விரல் அது. மூன்றாம் முறை கொண்டுபோனபோது அவள் கண்ணைத் திறக்காமலே என் கையைத் தட்டிவிட்டாள்.

"இருக்கேன்" என்றாள். "போய்ச் சாப்பிடுங்க."